எதிர்த்தரப்பாக என் அப்பா

என் கல்யாணம் ஒன்று நின்றுபோனதற்கு ஒரு தத்துவ ஆய்விதழ்தான் காரணம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். தத்துவம் படிக்கிற பெண்ணுக்கு வரன் அமையாது என்று எங்கள் தெருவிலேயே அப்போது ஒரு பேச்சு உண்டு. அது வேறு கதை. எனக்கு வரன் தேட வேண்டிய வேலையே இல்லை. ஏழு வயதிலேயே அமைந்துவிட்டான். அதுதான் தொல்லை.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் அண்ணனூர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் குடியிருந்தோம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன். பூர்வீகம் திருமழிசை. அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, அங்கேதான் இருந்தாள். புருஷனை முன்பே பறிகொடுத்தவள். ஒரே பையன். அத்தைக்கு நோய் முற்றி, இனித் தேறாது என்று ஆனபோது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பையன நான் பாத்துக்கறேன். என் பொண்ண அவனுக்கே குடுக்கறேன். நீ நிம்மதியா இரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அவனுக்கு அப்போது பத்து வயது. அத்தை போனாள்; அவன் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

அன்றிலிருந்து அவன் எல்லோருக்கும் 'மாப்ள'. அரை டிராயரோடு பள்ளிக்கூடம் போகும்போதும் மாப்ள, ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் டின்னோடு நிற்கும்போதும் மாப்ள. அவனை நான் 'மாமா' என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா அடித்துக்கூடப் பார்த்தாள். 'தோ பாரு', 'உன்னத்தான்' என்று சொல்லியே நான் காலத்தை ஓட்டினேன். பிற்பாடு அண்ணனூர் கார் ஷெட்டில், மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. கூட வேலை செய்கிறவர்களோடு ரூம் எடுத்துப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் தவறாமல் சாப்பிட வருவான். நான் எம்.ஏ. முடித்த பிறகு வருகிற தை மாதம் கல்யாணம் என்பது நாள் மட்டும் குறிக்காத முடிவு.

அவனை எனக்குப் பிடிக்காது என்றெல்லாம் இல்லை. பீடி சிகரெட் கிடையாது, வாய்ச்சண்டை கிடையாது, அம்மாவுக்குத் தண்ணீர் இழுத்துக் கொடுப்பான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. புடவை எடுக்கப் போனால்கூடப் பச்சையா சிவப்பா என்று என்னைக் கேட்கிறவர்கள், இதை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எம்.ஏ.வில் தத்துவத்தை நான் தேடிப் போகவில்லை. வேறு எதிலும் இடம் கிடைக்காமல் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு விடவே மனம் வரவில்லை. பிறந்ததிலிருந்து எதிர்த்துப் பேசி உதை வாங்கினவளுக்கு, எதிர்த்துப் பேசினால் மார்க் போடுகிறோம் என்று ஒரு கல்லூரி சொன்னால் கசக்குமா? எம்.ஃபில். வரைக்கும் போய்விட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. தை மாதமும் அந்த ஆசையும் எப்படி ஒத்துப்போகும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் துறை வருஷத்துக்கு ஒரு ஆய்விதழ் போட்டது. முன்பக்கமெல்லாம் பேராசிரியர்கள் ஒருவரையொருவர் ஆங்கிலத்தில் மறுத்து எழுதுவார்கள். எழுதியவரையும் மறுக்கப்பட்டவரையும் தவிர வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. கடைசியில் மாணவர் பகுதி, அது தமிழில். அதில் கட்டுரை வந்துவிட்டால் எம்.ஃபில். இடம் கைக்கு வந்த மாதிரி என்பது எங்கள் நம்பிக்கை. நானும் எழுதினேன். 'இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு இருப்பவரைக் கட்டுமா?' என்பது தலைப்பு. வேறு எதைப் பற்றி நான் எழுதுவேன்?

தத்துவக் கட்டுரையில் ஆட்களுக்குப் பெயர் வைக்காமல் எழுத்து வைப்பார்கள். எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. 'க என்பவர், மரணப்படுக்கையில் இருக்கும் ச என்பவருக்கு, தன் மகளை ச-வின் மகனான த-வுக்கு மணமுடித்துத் தருவதாக வாக்களிக்கிறார்' என்று ஆரம்பித்தேன். இறந்தவருக்கு ஆசையும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ஏமாற முடியாதவரை எப்படி ஏமாற்றுவது? ஆகவே அந்த வாக்கு யாரையும் கட்டாது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. க யாரென்று எவனுக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

மாணவர் பகுதிக்குப் பொறுப்பு ஒரு பெண் விரிவுரையாளர். நான் வருகிற அதே ரயிலில் அம்பத்தூரில் ஏறுவார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூப்பு. சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. பழைய தத்துவ நூல்களில் எதிராளியின் வாதத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பைத் தொடங்குவார்கள். பூர்வபட்சம் என்று பெயர். அவர் அதை மாணவர் பகுதிக்கு ஒரு சட்டமாகவே ஆக்கி வைத்திருந்தார். எதிர்த்தரப்பை நாமே கற்பனை பண்ணக் கூடாது. அதை உண்மையிலேயே நம்புகிற ஒரு ஆளைத் தேடிப் பிடித்து, அவர் சொல்வதை எழுதி, அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். 'ஆமா, இதத்தான் நான் சொல்றேன்' என்று அவர் தலையாட்ட வேண்டும். தலையாட்டாவிட்டால் கட்டுரை அச்சுக்குப் போகாது.

விளையாட்டில்லை. விலங்குகளுக்கு மனம் உண்டு என்று எழுதிய என் வகுப்புத் தோழன் ஒருவன், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கறிக்கடைக்காரரை எதிராளியாகப் பிடித்து, நாயாய் அலைந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டுவிட்டு, "ஆட்டுக்கு மனசு இல்லன்னு நான் எப்ப நைனா சொன்னேன்? இருந்தா இன்னான்னுதான் சொன்னேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவாராம். அவன் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். என் தலையிலும் அதே இடி விழும் என்று அப்போது தெரியாது.

"இந்த எதிர்த்தரப்பு யார் சொன்னது?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

"நானே யோசிச்சு எழுதினேன் மேடம்."

"தெரியுது. செத்த பாம்பை அடிச்சிருக்கே."

அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"க இருக்கார், ச இருக்காங்க, த இருக்கான். இந்த மகளுக்கு மட்டும் ஏன் எழுத்து இல்லை?"

"அவ இதுல ஒண்ணும் பேசலையே மேடம்."

ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாசக் கடைசில அச்சகத்துக்குப் போகணும். அதுக்குள்ள ஆளைப் பிடி" என்று கட்டுரையைக் கையில் கொடுத்துவிட்டார்.

ஆளைப் பிடிக்கத்தான் பார்த்தேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாக்குத் தவறக் கூடாது என்று எப்போதும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர், இவர் சரிப்படுவார் என்று போனேன். "செத்தவங்க ஆண்டவர்கிட்ட போயிட்டாங்கம்மா. அங்க போனவங்களுக்கு நம்ம வீட்டுக் கல்யாணம் எதுக்கு?" என்றார். ஸ்டேஷன் வாசலில் பூக்கட்டுகிற அக்காவைக் கேட்டேன். "அடிப்போடி, உயிரோட கீறவனுக்குக் குடுத்த வாக்கையே எவன் காப்பாத்தறான்? செத்தவளா வந்து கேக்கப் போறா?" என்றாள். என் கட்சிக்கு ஆள் சேர்ந்துகொண்டே போனது, எதிராளிதான் கிடைக்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறேன் என்று எனக்கே தெரியும். அந்த வாக்கை நம்புகிற ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவரிடம் போகத்தான் கால் வரவில்லை.

மாசக் கடைசி நெருங்கியதும் வேறு வழி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கிணற்றடியில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மீன் ஆய்வது அவர் வேலை. வேறு யார் செய்தாலும் அவருக்குப் பிடிக்காது. அம்மா உள்ளே அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள்.

"ப்பா, காலேஜுக்கு ஒரு கட்டுரை. எதிர்க்கட்சி ஆளு ஒருத்தர் கேட்டுட்டுத் தலையாட்டணுமாம்."

"எனுக்கு இன்னாம்மா தெரியும் அதெல்லாம்?"

"சும்மா கேளுப்பா."

படிக்க ஆரம்பித்தேன். 'க என்பவர், மரணப்படுக்கையில் இருக்கும் ச என்பவருக்கு…' அருவாமனையில் மீன் அப்படியே நின்றது.

"க-ன்றது யாரு?"

"சும்மா ஒரு எழுத்துப்பா."

"திருமழிசக்காரனா?"

உள்ளே அம்மிச் சத்தமும் நின்றுவிட்டது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அப்பா கோபப்படவில்லை. "சரி, படி. ஆரமிச்சுட்ட இல்ல?" என்று மறுபடி செதில் சீவ ஆரம்பித்தார்.

எதிர்த்தரப்பு என்று நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். வாக்கு நிறைவேறும் வரை இறந்தவரின் ஆன்மா அமைதியடையாது என்று க நம்புகிறார். வாக்குத் தவறினால் குடும்பத்துக்குச் சாபம் வரும் என்று அஞ்சுகிறார். ஊரார் பழிப்பார்கள் என்று கூசுகிறார். இப்படிப் போயிற்று.

"நான் எப்பம்மா அப்டி சொன்னேன்?" என்றார் அப்பா. இப்போதுதான் கோபம் வந்தது. "சாபமாம்ல, சாபம்! பூச்சாண்டிக்கு பயந்துகினா நான் பெத்த பொண்ண குடுக்கறேன்? இன்னா நெனச்சுகினு கீற என்னப் பத்தி?"

"அப்ப நீயே சொல்லுப்பா. எழுதிக்கறேன்."

அவர் சொன்னார். நான் கிணற்று மேடையில் உட்கார்ந்து எழுதினேன்.

"உங்க அத்த செத்துட்டா. அவளுக்கு இனிமே ஒண்ணும் வேணாம். அது எனுக்குத் தெரியாதா? நான்தான தூக்கிப் போட்டுட்டு வந்தேன். ஆனா நான் அவ கையப் புடிச்சு அந்தப் பேச்ச சொன்னப்ப, கட்டிலாண்ட பையன் நின்னுகினு இருந்தான். எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தான். அப்பன் எப்பவோ போய்ட்டான், ஆத்தாளும் போய்ட்டா. பத்து வயசுல அவனாண்ட மிச்சம் இருந்தது நான் சொன்ன அந்த ஒரு சொல்லுதான். அதப் புடிச்சுகினுதான் நம்ம ஊட்டு வாசப்படி ஏறனான். இது உன் ஊடுடா, உனுக்கு உரிம கீதுடான்னு சொல்லிச் சொல்லி சோறு போட்டேன். இப்பப் போயி, அது சும்மா உங்காத்தா மனசு குளிர சொன்னதுடான்னு நான் சொன்னா, அவன் இத்தினி வருசம் தின்ன சோறெல்லாம் தர்மச் சோறு ஆயிடாதா?"

எழுதி முடித்துத் திருப்பிப் படித்தேன். அவருடைய பேச்சை எழுத்துத் தமிழில் மாற்றியிருந்தேன். ஒரு இடத்தில் என்னை நிறுத்தி, "அங்க 'உணவு'ன்னு போடாத. சோறுன்னு போடு" என்றார். போட்டேன். மறுபடி படித்தேன். செதில் ஒட்டிய கையை முழங்காலில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"ஆமா. இதத்தான் நான் சொல்றேன்" என்று தலையாட்டினார். "இப்ப இதுக்குப் பதில் சொல்லு, பாக்கலாம்."

எதற்கும் ஒரு பதிலை நாக்கு நுனியில் வைத்திருப்பவள்தான். ஆன்மாவையும் சாபத்தையும் அடித்துப் போட நான் தயாராக வந்திருந்தேன். கட்டிலருகில் நின்ற பையனை எப்படி அடிப்பது? அவனோடு ஒரே தட்டில் சண்டை போட்டுத் தின்றவள் நான். ஒரு நாளாவது அவனை அந்தக் கட்டிலருகில் வைத்து நான் நினைத்துப் பார்த்ததில்லை. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அவனுக்காகவும் அழுதேன், இனி தப்பிக்க வழியே இல்லை என்று எனக்காகவும் அழுதேன்.

அப்பா மிரண்டு போனார். "இன்னாம்மா? உனுக்கு வேணாமா?"

"தெரிலப்பா. என்னை யாருமே கேக்கலியே."

அம்மா மசாலாக் கையோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். "எத்தினி வருசமா சொல்லிகினு கீறேன், அவள ஒரு வார்த்த கேளுங்கன்னு!" என்றாள். அம்மா அப்படி ஒருநாளும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அது காதுக்கு இனிப்பாக இருந்தது.

அப்பா மீனை அலசி, உப்புப் போட்டுப் புரட்டி, மறுபடி அலசினார். பிறகு சொன்னார்: "அவனா வாயத் தொறந்து வேணாம்னு சொன்னா நான் உட்டுர்றேன். ஆனா நான் கேக்க மாட்டேன். நான் கேட்டா, மாமா நம்மள கழட்டி உடப் பாக்கறாருன்னு நெனச்சுக்குவான்."

"நான் கேக்கட்டா?"

"அது உன் பாடு."

மதியம் அவன் வழக்கம்போல வந்தான். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பரிமாறினோம். "கொழம்பு சூப்பரு அத்தே" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டான், பாவம். அவர்கள் எதிரில் எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் பிளாட்பாரத்திலேயே நின்றேன். ஷிஃப்ட் முடிந்து தண்டவாளத்தைத் தாண்டி வந்தவன் என்னைப் பார்த்ததும், "இன்னா, ஊட்ல எதுனா?" என்று பதறினான். ஒன்றுமில்லை, ஒரு கட்டுரை படிக்கப் போகிறேன், கேள் என்று சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்தேன். என் தலையெழுத்து, இரண்டு நாளாக ஊரையெல்லாம் உட்கார வைத்துக் கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் தரப்பை மட்டும் படித்தேன். இவன், 'ஆமா, அந்த ஒரு சொல்ல நம்பித்தான் கீறேன், எனக்கு நீ வேணும்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. கட்டுரையிலும் எனக்குப் பதில் கிடையாது, வாழ்க்கையிலும் கிடையாது. மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

"இன்னொரு தபா படி" என்றான்.

படித்தேன். முகத்தை ஷெட் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"மாமாவா இதச் சொன்னாரு?"

"ஆமா."

"நான் கட்டிலாண்ட நின்னுகினு இருந்தது அவருக்கு ஞாபகம் கீதா?"

"அதுக்காகத்தான் எல்லாம்ன்றாரு."

அவன் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை பொறுத்தேன். எனக்குப் பொறுமை அவ்வளவுதான். "சரி, நேரா கேக்கறேன். உனுக்கு என்னக் கட்டிக்கணுமா, வேணாமா?"

"நீ சொல்லு."

"நான்தான கேட்டேன்? நீ சொல்லு."

"எப்பவும் நீதான முந்திக்கினு பேசுவ? இன்னிக்கு இன்னா வந்துச்சு?"

இதற்குள் ஆவடி பக்கம் போகிற வண்டி ஒன்று வந்து நின்றது. கூட்டம் இறங்கிப் போகும்வரை இரண்டு பேரும் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வண்டி நகர்ந்த பிறகு, "தப்பா நெனக்க மாட்டியே?" என்றான்.

"சொல்லித் தொலையேன்!"

"வேணாம்."

"எனுக்கும் வேணாம்" என்றேன். அது என் வாயிலிருந்து அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே நினைக்கவில்லை. நேற்றுவரை 'தெரியவில்லை' என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போன வேகத்தில்தான், எனக்கு எவ்வளவு வேண்டாமாக இருந்தது என்று புரிந்தது. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். டிக்கெட் கவுண்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக் கட்டிக்க உனுக்கு இன்னா கஷ்டம்?" என்று கேட்டேன். வேண்டாம் என்றாலும் காரணம் தெரிய வேண்டாமா?

"பயமா கீது. மழ வர மாரி கீதுன்னு சொன்னா, 'எத வச்சி சொல்ற'ன்னு கேப்ப. கொழம்புல உப்பு கம்மின்னா அதுக்கும் ஆதாரம் கேப்ப. காலம் பூரா பரீச்ச ஹால்லயே குந்திகினு இருக்க முடியுமா?"

"அப்ப இத்தினி வருசம் ஏன் வாய மூடிகினு இருந்த?"

"மாமாவோட ஆச. அவரு சோறு போட்டு, படிக்க வச்சி, வேலைக்கும் அனுப்பிட்டாரு. வேணாம்னு நான் சொன்னா, தின்ன ஊட்டுக்கு ரெண்டகம் பண்ண மாரி ஆயிடாது?"

அவனுக்காக அப்பா, அப்பாவுக்காக அவன், இருவருக்காகவும் வாயை மூடிக்கொண்டு நான். யாருக்கும் வேண்டாத ஒரு மூட்டையை மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டு சுமந்திருக்கிறோம். இதற்கு ஒரு ஆய்விதழ் தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

எழுந்து கிளம்பும்போது அவன் நகரவில்லை. பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்ப… ஞாயித்துக்கெழம நான் ஊட்டுக்கு வரலாமா?"

சிரிப்பெல்லாம் போய்விட்டது எனக்கு. அப்பா பயந்தது இதற்குத்தான். கல்யாணமும் வாக்கும் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை; அந்த வாசற்படிதான் வேண்டும். அதை அவன் என்னிடம் கேட்கிறான், அனுமதி கேட்கிற மாதிரி. எனக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது. "எழுந்திரு. இப்பவே வா. அந்தக் கேள்விய அங்க வந்து கேளு" என்று சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனேன்.

அப்பா வேலையிலிருந்து வந்து நாற்காலியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். பத்துப் பதினைந்து வருஷமாக அப்படி அவன் நின்றதே கிடையாது.

"மாமா, நாங்க ரெண்டு பேரும் பேசினோம். கல்யாணம் வேணாம் மாமா."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "நீயா சொல்றியா, இவ சொல்ல வச்சாளா?"

"நானாத்தான் மாமா. இவளக் கட்டிக்க எனுக்கு பயமா கீது."

அப்பா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "எனுக்கே பயமாத்தாண்டா கீது" என்றார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், சமையலறையிலிருந்து அம்மா தோசைத் திருப்பியோடு ஓடி வந்தாள். "நேத்துலேர்ந்து ஒரு வாய் சோறு எறங்கல எனுக்கு. உன்ன ஏமாத்தறதா, இவள அழ உடறதான்னு. ரெண்டு பேருமா சேந்து வயித்துல பால வாத்தீங்கடா" என்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அவன் இன்னும் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. நான் கேட்டுவிடப் போனேன். அதற்குள் அப்பா, "இன்னா அங்கயே நிக்கற? உள்ள வர்றதுக்கு உனுக்குத் தனியா பத்திரிக வெக்கணுமா? கை கால் கழுவிகினு வாடா, தோச ஆறுது" என்றார். அவன் உள்ளே வந்தான்.

கட்டுரையை அந்த வாரமே திருத்திக் கொடுத்தேன். அப்பாவின் தரப்பு இரண்டரைப் பக்கம், என் பதில் அரைப் பக்கம். வாக்கு இறந்தவரிடம் இல்லை, அதை நம்பி நிற்பவரிடம் இருக்கிறது என்று க சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். அதனாலேயே, நிற்பவரைக் கேட்காமல் அதைக் காப்பாற்றவும் முடியாது, கைவிடவும் முடியாது. வாக்கில் தரப்பட்ட மகளையும் கேட்டாக வேண்டும். மகளுக்கு 'ப' என்று ஒரு எழுத்தும் வைத்தேன்.

விரிவுரையாளர் படித்துவிட்டு, "உன் பதிலைவிட எதிர்த்தரப்பு நல்லா இருக்கு" என்றார்.

"ஆமாம் மேடம்."

"யார் இந்த ஆள்? தலையாட்டினாரா?"

"எங்கப்பா மேடம். ஆட்டினார்."

அப்போதும் அவர் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் அவரை எம்.ஏ.வுக்கு அப்ளை பண்ணச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அச்சகத்துக்குப் போகிற காகிதக் கட்டோடு என் கட்டுரையைச் சேர்த்துவிட்டார்.

இதழ் வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார். "நான் ஜெயிச்சனா, தோத்தனா?" என்று கேட்டார். பாதிப் பாதி என்றேன். "பாதி போதும்" என்றவர், மறுநாள் அதைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய், ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். அவர் தரப்பு இருந்த பக்கங்களில் எல்லாம் கிரீஸ் கைரேகை. என் பதில் இருந்த பக்கம் வெள்ளைவெளேர் என்று இருந்தது. ஒருத்தருக்கும் காட்டவில்லை போலிருக்கிறது. எனக்கு எம்.ஃபில். இடம் கிடைத்தது. அதற்கு அந்தக் கட்டுரைதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை.

தை பிறந்தது. திருமழிசையிலிருந்து பங்காளி வீட்டுப் பெரியம்மா ஒருத்தி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, அவன் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரியம்மா அவனையும் பார்த்து, அப்பாவையும் பார்த்து, "தை பொறந்துடுச்சேப்பா. பொண்ணுக்கு எப்ப வெச்சுகினு கீற?" என்று கேட்டாள். நான் உள்ளே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அப்பா என்ன சொல்லிச் சமாளிப்பாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அவ உள்ளதான் கீறா" என்றார் அப்பா. "அவளாண்டயே கேளு."

பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்ணிடம் போய் இதை எப்படிக் கேட்பது என்று அவளுக்கே தெரியாது; எழுந்து வந்து, சமையலறை வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைக் கேட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றேன். சொல்வதற்கு என்னிடம் பதில் எதுவும் தயாராக இல்லை. அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவளுக்குச் சொன்னால் புரிந்திருக்காது.